ஒன்பது இன்ச் செருப்பு

நான் படிப்பில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியவள். கேட்ட கேள்விக்குக் கேட்ட பதிலை எழுதுவேன். கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் கோட்டுக்கு வெளியே ஒரு எழுத்து போகாது. தம்மம்பட்டிப் பள்ளிக்கூடத்தில் தொடங்கிய அந்தப் பழக்கம் எம்.சி.ஏ. முடிக்கும்வரை என்னோடு வந்தது. அதற்காகப் பரிசெல்லாம் கொடுத்தார்கள். ஒரு மனிதர் செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்துப் போட்டதற்கும் அதே பழக்கம்தான் காரணம். இப்படி எழுதும்போதே, கொஞ்சம் மிகையாகச் சொல்கிறேனோ என்று தோன்றுகிறது. யோசித்துப் பார்த்தால் மிகையில்லை.

கல்யாணமாகி வந்த பிறகு, திருச்செங்கோட்டிலிருந்து நாமக்கல் போகும் வழியில் இருக்கும் ஒரு ஹாஸ்டல் பள்ளியின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கணினி சம்பந்தப்பட்டது எல்லாம் என் பொறுப்பு. கணவர் பள்ளிபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஷிப்ட் சூப்பர்வைசர். மகள் நான் வேலை பார்க்கும் பள்ளியிலேயே எல்.கே.ஜி. அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம். அது எழுத்தில் இருக்கும் சலுகை இல்லை. தாளாளர் ஒவ்வொரு ஆண்டும் வாயால் சொல்லித் தருவது. மகளுக்கு மதியம் வகுப்பு முடிந்துவிடும். மாலைவரை என் மேசைக்குப் பக்கத்தில் பாய் விரித்து, பழைய வினாத்தாள்களின் பின்பக்கத்தில் வட்டம் வட்டமாகப் போட்டுக்கொண்டிருப்பாள்.

ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அப்பாக்கள் வெளி மாநிலத்தில் இருக்கிறார்கள். ரிக் வண்டியில் போர்வெல் போடப் போனவர்கள், சங்ககிரியிலிருந்து லோடு ஏற்றிப் போகும் டிரைவர்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பிள்ளையோடு ஐந்து நிமிடம் பேசலாம். முன்பு வார்டனின் செல்போன் ஒன்றை வைத்துக்கொண்டு இருநூறு பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். பலருக்கு முறை வருவதற்குள் மணியடித்துவிடும். அதனால் இன்டர்நெட் போன் வந்தது. சேலத்திலிருந்து ஒரு கம்பெனிக்காரர் வந்து எட்டு போன்களும் ஒரு பெட்டியும் வைத்துவிட்டுப் போனார். பெற்றோர் தங்கள் செல்போனில் ஒரு பக்கத்தைத் திறந்து, பிள்ளையின் சேர்க்கை எண், இந்த வாரம் தாங்கள் இருக்கும் ஊரில் எடுக்கும் நம்பர், வார்டனுக்கு ஏதாவது குறிப்பு, இந்த மூன்றையும் கட்டங்களில் நிரப்ப வேண்டும். ஞாயிறு காலை பெட்டி தானாகவே ஒவ்வொரு அப்பாவையும் கூப்பிட்டுப் பிள்ளையோடு இணைத்துவிடும். பேசியது பதிவாகும். பெற்றோர் விரும்பினால் அதே பக்கத்தில் தங்கள் பிள்ளையின் குரலைத் திரும்பக் கேட்கலாம். இதைத்தான் தாளாளர் நோட்டீஸில் பெரிய எழுத்தில் போட்டார்.

எல்லாம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடும் வேலை எனக்கு வந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன். சரியான சேர்க்கை எண் கொடுத்தேன், சரியான பிள்ளை வந்தது. பத்து இலக்கம் கொடுத்தேன், மணி அடித்தது. குறிப்பில் "நன்றாகப் படிக்கவும்" என்று எழுதினேன், அது வார்டனுக்குப் போனது. முப்பது பிள்ளைகளுக்கு இப்படிப் பார்த்துவிட்டு, "சோதித்தேன், சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தப்பாக ஒன்றைக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கல்லூரியில் ஒரு செமஸ்டர் முழுக்க இதைத்தான் படித்தேன், நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். ஆனால் தப்பானதை எழுத என் கை பழகவில்லை.

ஆறேழு வாரம் ஒழுங்காக ஓடியது. அதற்கடுத்த ஞாயிறு, காலை பத்து மணி வாக்கில் எட்டு போன்களும் ஒரே நேரத்தில் ஊமையாகிவிட்டன. பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். வார்டன் கத்துகிறார். நான் பெட்டியை அணைத்துப் போட்டேன், மறுபடி அணைத்துப் போட்டேன். அலுவலக லேண்ட்லைன் விடாமல் அடித்தது. அதில் ஒரு குரல்.

"ஏனுங் அம்மிணி, ஏழாவது படிக்கற பையனோட அப்பனுங்க. போனு வரவே இல்லீங்களே. கம்ப்ரஸரை நிறுத்திப் போட்டு வேப்பமரத்தடியில உக்காந்திருக்கறனுங்க. மொதலாளி மொறைக்கறாரு."

"சிஸ்டம் நின்னு போச்சுங்கண்ணா. யாருக்குமே வரல."

"யாருக்குமேவா? அப்பச் சரி. எனக்கு மட்டுந்தான் இல்லையோன்னு பயந்துட்டேன்." சிரித்தார். "சரிங்க, செருப்புச் சேதி எழுதிப் போட்டனே, அது வந்துச்சுங்களா?"

"என்ன செருப்பு?"

"பையனுக்குச் செருப்பு அந்து போச்சாம். ஒரு ஜோடி வாங்கிக் குடுக்கச் சொல்லி வார்டனுக்கு எழுதியிருக்கறனுங்க. அளவும் போட்டிருக்கேன். பொங்கலுக்கு ஊட்டுக்கு வந்தப்ப டேப்பு வச்சே அளந்துட்டேன். நாங்க எதையும் குத்துமதிப்பாச் சொல்ல மாட்டமுங்க. அர இன்ச்சு தப்புனா பைப்பு எறங்காது."

பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். பார்க்கவில்லை. அடுத்த மணி அடித்துக்கொண்டிருந்தது.

மதியத்துக்கு மேல் கம்பெனிக்காரர் சேலத்திலிருந்தே பெட்டிக்குள் நுழைந்து சரி செய்தார். திங்கட்கிழமை காலை தாளாளர் அறையில் ஸ்பீக்கரில் பேசினார். யாரோ குறிப்புக் கட்டத்தின் வழியாக உள்ளே புகுந்து அட்டாக் செய்திருக்கிறார்கள், எந்தச் சேர்க்கை எண், எந்த நம்பர் என்று எல்லாம் பதிவாகியிருக்கிறது, தங்கள் சாப்ட்வேரில் கோளாறு எதுவும் இல்லை என்றார். அந்தச் சேர்க்கை எண் ஏழாவது படிக்கும் ஒரு பையனுடையது என்று கேட்டதும் எனக்கு நேற்றைய குரல் ஞாபகம் வந்தது. என் மேசைக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். குறிப்பில் இருந்தது இவ்வளவுதான்:

பையன் செருப்பு 9" வாங்கித் தரவும்.

ஒன்பதுக்கு மேலே இரண்டு சின்னக் கோடு. ரிக் வண்டிக்காரர்கள் இன்ச்சை அப்படித்தான் எழுதுவார்கள். பில்லிலும், பைப்பின் மேல் சாக்பீஸிலும், சிகரெட் அட்டையிலும் அப்படித்தான்.

அந்த இரண்டு கோடு பெட்டியை ஏன் நிறுத்தியது என்பது எனக்கு உடனே புரிந்துவிட்டது. படித்தவள் இல்லையா. எங்கள் ஹாஸ்டலில் வெளியே போக அச்சடித்த சீட்டு ஒன்று உண்டு. "_____ என்பவரை வெளியே விடவும்." கோட்டில் பெயரை எழுதி வாட்ச்மேனிடம் கொடுக்க வேண்டும். வாட்ச்மேன் எழுதியிருப்பதை அப்படியே செய்கிறவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பையன் கோட்டில் தன் பெயரை எழுதி, கூடவே "மற்றும் விடுதியில் உள்ள அனைவரையும்" என்று சேர்த்தால் வாசல் முழுக்கத் திறந்துவிடும். அந்த போன் பக்கம் அப்படிப்பட்ட வாட்ச்மேன். பெற்றோர் எழுதுவதை வாங்கித் தன் கட்டளைக்கு நடுவில் ஒட்டிக்கொள்ளும். எழுதியது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதற்கு அதற்கிருந்த ஒரே அடையாளம் அந்த இரண்டு கோடுதான். செருப்பு அளவில் வந்த கோட்டைப் பார்த்து, பெற்றோர் சொன்னது அங்கேயே முடிந்தது என்று நினைத்துக்கொண்டது. மீதியைக் கட்டளை என்று படித்துப் பார்த்துப் புரியாமல் விழுந்துவிட்டது.

தாளாளரிடம் போய் நின்றேன்.

"சார், அது அட்டாக் இல்ல சார். செருப்பு அளவு."

"செருப்பு அளவு எழுதுனா எட்டு போனும் நின்னு போயிருமாம்மா?"

"அந்தக் குறியைப் போட்டா..."

"அப்ப எவன் எந்தக் குறியைப் போட்டாலும் நின்னு போகுமா? அப்படிப்பட்ட சாமானத்தையா நான் வாங்கி வச்சிருக்கேன்? டெஸ்ட் பண்ணுனது யாரு?" மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து என் தாளை எடுத்தார். "சோதித்தேன், சரி. உன் கையெழுத்துத்தானே?"

"ஆமாங்க சார்."

"சரியா இருந்துச்சா, இல்லையா?"

வாய்க்குள் இரண்டு பதில் இருந்தது. வாசலுக்கு வெளியே மகளின் பை தெரிந்தது. வகுப்புக்குக் கொண்டுபோய் விட நேரமில்லாமல் அங்கேயே நிற்க வைத்திருந்தேன்.

"சரியாத்தான் இருந்துச்சு சார்," என்றேன்.

"அவ்வளவுதான். சாமானம் சரி, டெஸ்ட்டும் சரின்னா, அந்த ஆளுதான் வேணும்னே ஏதோ பண்ணியிருக்கான். பாப்பா வெளிய நிக்குதே, கூட்டிட்டுப் போய்க் கிளாஸ்ல விடு. அடுத்த டேர்ம் பீஸுக்கு நானே சொல்லிடறேன்."

அன்பாகத்தான் சொன்னார். இன்றுவரை அதில் மிரட்டல் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. இருந்திருக்க வேண்டும் என்று நினைத்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். அதனாலேயே அந்த நினைப்பை நம்ப முடியவில்லை.

பையனின் அப்பா நேரில் வந்து எழுதிக் கொடுக்கும்வரை அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை போன் கிடையாது என்று உத்தரவானது. அதைப் பையனிடம் சொன்ன வார்டன் சும்மா சொல்லவில்லை. "ஏன்டா, உங்கப்பன் ரிக்கு ஓட்டறானா, ஹேக்கிங் பண்றானா?" என்று மெஸ்ஸில் எல்லார் முன்னாலும் கேட்டார். அன்றிலிருந்து அவனுக்கு "ஹேக்கர்" என்று பெயராகிவிட்டது. அலுவலக ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். மைதானத்தில் மற்றவர்கள் கூப்பிடக் கூப்பிட அவனும் சிரித்துக்கொண்டே ஓடுவான். ஒரு செருப்பில் வாருக்குப் பதில் சணல் கட்டியிருந்தான்.

அந்த வாரம் ஒரு நாள் எல்லாரும் சாப்பிடப் போனபிறகு, கோட்டுக்கு வெளியே முதன்முறையாக எழுதிப் பார்த்தேன். சேர்க்கை எண் கட்டத்தில் எண்ணோடு அந்தக் குறியையும் சேர்த்து, ஒன்றும் ஒன்றும் சமம் என்பது போல எப்போதும் உண்மையாக இருக்கும் ஒரு சின்ன நிபந்தனையையும் போட்டேன். ஒரு நொடியில் பள்ளிக்கூடமே வந்து விழுந்தது. அத்தனை பிள்ளைகளின் பெயர், அப்பாக்களின் நம்பர், இதுவரை பேசிய அத்தனை பேச்சு. எந்த ஊரில் உட்கார்ந்து யார் எழுதியிருந்தாலும் இப்படித்தான் வந்திருக்கும். உள்ளே வர யாருக்கும் கடவுச்சொல் வேண்டியிருக்கவில்லை.

நிஜமாகக் கேட்க முடிகிறதா என்று ஒன்றை அழுத்தினேன். பார்த்து அழுத்தவில்லை என்று சொன்னால் பொய். அந்தப் பையனுடையதைத்தான் அழுத்தினேன்.

"செருப்பு அந்து போச்சுங்கப்பா."

"வார்டன் கிட்டச் சொல்லுடா சாமி."

"சொன்னா, வெறுங்காலோட நடந்தாத்தான் படிப்பு வரும்ங்கறாரு. அப்பா, நான் ஊட்டுக்கு வந்தர்றேனே. லாரில கிளீனராப் போறேன். சோறு மட்டும் போட்டாப் போதும்."

பின்னால் கம்ப்ரஸர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், "பரீச்சை முடியட்டும் சாமி," என்றார். ஐந்து நிமிடம் முடிந்துவிட்டது.

நான் நிறுத்தினேன். எனக்குச் சொந்தமில்லாத ஒன்றை எடுத்துவிட்டது போல இருந்தது. என் மகள் பாயிலிருந்து, "அம்மா, அந்த அண்ணன் ஏன் அழுவறாங்க?" என்று கேட்டாள். அழவில்லை, சளி பிடித்திருக்கிறது என்றேன்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். "நீயா அந்தப் பக்கத்தை எழுதுன? கம்பெனிக்காரன் எழுதுனான். நீ கையெழுத்துதான போட்ட," என்றார். சாப்பிட்டு முடித்த பிறகு அவராகவே, "போட்டது போட்டாச்சு. இனிமே போய்த் தப்புன்னு சொன்னா வேலை என்ன ஆகும், பாப்பா படிப்பு என்ன ஆகும்னு பாத்துக்க," என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் அவர் வாய்விட்டுச் சொன்னார்.

மூன்றாவது வாரம் பையனின் அப்பா வந்தார். மத்தியப் பிரதேசத்திலிருந்து இரண்டு ரயிலும் ஒரு பஸ்ஸும் மாறி வந்திருந்தார். கருத்து ஒடுங்கிய ஆள், சட்டைப் பையில் அளவு டேப். தாளாளர் அறையில் கால் மணி நேரம் நிற்க வைத்துப் பேசினார்கள். வெளியே வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார்.

"அம்மிணி, நீங்கதானுங்களே அன்னைக்குப் போன்ல பேசுனது? என்னமோ அட்டாக்குங்கறாங்க. நான் யாரைப் போய் அடிச்சேன்?"

"நீங்க போட்ட குறியால சிஸ்டம் நின்னு போச்சுங்கண்ணா."

"எந்தக் குறிங்க?"

திரையைத் திருப்பிக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இது இன்ச்சுங்களே! இதைப் போடாம ஒம்போதுன்னு மட்டும் எழுதுனா, ஒம்போது ஜோடின்னு வாங்கிப் போட மாட்டாங்களா?" அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்திருக்க வேண்டும். "சரி, தப்புத்தானுங்க. படிக்காதவன். இப்ப ஒரு மன்னிப்புக் காயிதம் எழுதோணுமாம். என் கையெழுத்தை எனக்கே படிக்கத் தெரியாதுங்க. நீங்களே நல்லா எழுதிக் குடுங்க சாமி."

நான் எழுதினேன். நல்ல தமிழில், ஒற்றுப்பிழை இல்லாமல் எழுதினேன். "எனது அறியாமையால் பள்ளியின் தொலைபேசிப் பக்கத்தில் தேவையற்ற குறியீட்டைப் பதிவு செய்து, பள்ளிக்கும் பிற பெற்றோருக்கும் இடையூறு விளைவித்தமைக்கு மனம் வருந்துகிறேன். இனி இவ்வாறு நேராது என உறுதியளிக்கிறேன்." இந்த இரண்டு வாக்கியத்தில் ஒன்றுகூட அவருடையதில்லை. அறியாமை என்னுடையது. உறுதி கொடுக்க வேண்டியவளும் நான்தான். படித்துக் காட்டினேன்.

"அடேங்கப்பா, கலெக்டருக்கே குடுக்கலாம் போல இருக்குது," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அப்போது பாயில் உட்கார்ந்திருந்த என் மகளைப் பார்த்தார். "உங்க பாப்பாங்களா? சாமி, என்ன வரையறீங்க?" என்று குனிந்து கேட்டார். அவள் காலைக் காட்டினாள். தாளில் தன் காலை வைத்து அதைச் சுற்றிக் கோடு போட்டிருந்தாள்.

"இது சரியான வேலை," என்று பையிலிருந்து டேப்பை எடுத்து, அவள் வரைந்ததன் மேலேயே நீட்டிப் பார்த்தார். "ஆறர. அட, போர் போடற எங்க பிட்டு சைஸு!"

அவர் போன பிறகு தாளாளர் இன்னொரு தாளை அனுப்பினார். கம்பெனிக்காரர் சரி செய்துவிட்டார், நான் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். சோதித்தேன். அவர் செய்திருந்தது ஒன்றே ஒன்றுதான். இரண்டு கோட்டை யார் போட்டாலும் "அங்குலக் குறி பயன்படுத்தக் கூடாது" என்று சிவப்பில் வரும்படி வைத்திருந்தார். வேறு விதமாக எழுதினேன், மறுபடி எல்லாம் திறந்தது. தாளாளரிடம் போய்ச் சொன்னேன். இந்த முறை சொன்னேன் என்பதை எழுதி வைக்கிறேன். "எக்ஸாம் முடியட்டும், பாக்கலாம். அட்மிஷன் நேரத்துல இதைப் பேசாதே," என்றார். தாள் அங்கேயே இருந்தது. பேனாவும் அவருடையது. இரண்டாவது முறையாக, "சோதித்தேன், சரி."

பிறகு நான் செய்தது ஒன்று உண்டு. முழு ஆண்டு விடுமுறையில் தினமும் அந்தக் கம்பெனிக்காரரைக் கூப்பிட்டேன். மக்கள் எழுதுவதைக் கட்டளைக்குள் ஒட்டாமல், வெறும் சொல்லாக மட்டும் தனியே கையில் வாங்கிக்கொள்ளும் முறை இருக்கிறது. கல்லூரியில் முதல் ஆண்டுப் பாடம் அது. "மேடம், உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்றார். இல்லை என்றேன். ஒருவழியாக மாற்றிக் கொடுத்தார். எழுபது விதமாகத் தப்பாக எழுதிப் பார்த்தேன். எதுவும் திறக்கவில்லை. அதற்கு முன் யாராவது வந்து எதையாவது எடுத்துப் போனார்களா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. பழைய பதிவுகளைக் கம்பெனி அழித்துவிட்டிருந்தது.

கடிதம் மட்டும் பையனின் கோப்பில் இருக்கிறது. எடுத்துவிடலாமா சார் என்று கேட்டேன். "கெடக்கட்டும்மா. நாளைக்கு அந்த ஆளு எதாச்சும் பேசுனா நம்ம கையில ஒரு காயிதம் இருக்கோணுமல்ல," என்றார். பையன் இப்போது எட்டாவது. போனில், "நல்லா இருக்கேங்கப்பா, நல்லா இருக்கேன்," என்று மட்டும் சொல்கிறான். பேச்சு பதிவாகிறது என்பதை மெஸ்ஸில் யாரோ அவனுக்கு விளக்கியிருக்கிறார்கள்.

மழைக் காலத்தில் ரிக் வண்டிகள் ஊருக்குத் திரும்பும். அப்போது பையனின் அப்பா வந்தார். பையனுக்கு ஒன்பது இன்ச்சில் செருப்பு வாங்கி வந்திருந்தார். இதற்குள் கால் வளர்ந்துவிட்டது, குதிகால் வெளியே நின்றது. "பரவால்லீங்கப்பா, போட்டுக்கறேன்," என்றான் பையன். அப்பா குனிந்து, டேப்பை வைத்து அவன் காலை மறுபடி அளந்தார். பிறகு என் மேசைக்கு வந்து, இன்னொரு பொட்டலத்தை வைத்தார்.

"பாப்பாவுக்குங்க. ஆறரையோட கொஞ்சம் சேத்து வாங்குனேன். எனக்கு எவ்வளவு ஒத்தாசை பண்ணுனீங்க. அந்தக் காயிதம் இல்லீன்னா பையன வெளிய அனுப்பிச்சிருப்பாங்களாம். சாரே சொன்னாரு."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அறையில் வேறு யாரும் இல்லை. "அண்ணா, தப்பு உங்களுதில்ல," என்று ஆரம்பித்தால் போதும். மீதி தானாக வந்திருக்கும். ஆனால் அவர் விவரம் தெரிந்த யாரிடமாவது அதைப் போய்ச் சொன்னால், கடிதம் எழுதியது நான் என்பதும் சேர்ந்து வெளியே வரும். இவ்வளவையும் யோசித்து முடிப்பதற்குள், "எதுக்குங்கண்ணா இதெல்லாம்," என்று சொல்லி வாங்கிக்கொண்டிருந்தேன்.

சிவப்புச் செருப்பு, மேலே பிளாஸ்டிக் பூ. மகளுக்கு அது கச்சிதமாக இருந்தது. வீட்டில் வேறு எதையும் போட மாட்டேன் என்கிறாள். சின்னதாகிவிட்டது, எடுத்து வைத்துவிடலாம் என்று ஒரு நாள் சொன்னேன். காலைத் தூக்கிக் காட்டி, "இல்லம்மா, பாரு, சரியா இருக்கு," என்றாள். சரியாகத்தான் இருந்தது.